அம்சவள்ளி வராத நாற்பத்தாறு நாட்கள்

நனைந்துபோன அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் தலைமையாசிரியர் இளையபெருமாள் மேசைமேல் வைத்தபோது, இது நேற்று சாயங்காலம் காய்ந்துதானே இருந்தது என்றுதான் சம்பூர்ணத்துக்கு முதலில் தோன்றியது. அவள் வகுப்பாசிரியையாக இருந்த பத்தாம் வகுப்பு பி பிரிவின் ரிஜிஸ்டர் அது. நாலரை மணிக்கு அவள்தான் ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது அட்டை ஊறி உப்பியிருந்தது. ஜூன் மாதத்திலிருந்து தினமும் அவள் போட்டுவந்த கோடுகள் நீலக் கறையாகப் பரவி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"ஓட்டுல ஒழுக்கு," என்றார் இளையபெருமாள். "பீரோவுக்குள்ள எறங்கிடுச்சு பாருங்க."

சம்பூர்ணம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். 1986 ஜனவரி. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள். மழை நின்று ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. மைதானத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

ஒட்டிய பக்கங்களில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். கிழிந்து வந்தது.

நெடுவாய்க்கால் உயர்நிலைப்பள்ளி திருமானூருக்கு மேற்கே நாலு மைலில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. அரசு உதவி பெறும் பள்ளி. சம்பூர்ணம் அங்கே கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சொந்த ஊர் மீன்சுருட்டி. அங்கே அம்மாவும், பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பியும் அவளை நம்பித்தான் இருந்தார்கள். அவள் திருமானூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். நிர்வாகம் வேலை கொடுத்துவிட்டதே தவிர, கல்வித் துறையின் ஒப்புதல் இன்னும் வரவில்லை. அது வந்தால்தான் வேலை நிலைக்கும். அதற்கான காகிதங்கள் இளையபெருமாள் கையெழுத்தோடு மேலே போக வேண்டும். திரும்பி வந்தாலும் அவர் கைக்குத்தான் வந்துசேரும்.

இளையபெருமாள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பிரம்பைத் தொட்டதில்லை. இரண்டு வருஷமாக அவர் பள்ளியில் பத்தாம் வகுப்பு நூற்றுக்கு நூறு தேர்ச்சி. மூன்றாவது வருஷமும் அப்படியே வந்தால் பள்ளியை மேல்நிலைப்பள்ளியாக உயர்த்தக் கேட்கலாம், பிளஸ் டூ படிக்க அரியலூர் வரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் இங்கேயே படிக்கலாம் என்று அவர் நிஜமாகவே ஆசைப்பட்டார். நூற்றுக்கு நூறு எப்படி வந்தது என்பது டீச்சர்களுக்குத் தெரியும். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், தேற மாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து, நல்ல வார்த்தை சொல்லி, அவர்களாகவே டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்கும்படி செய்துவிடுவார். இந்த வருஷம் அது நடக்காது. மார்க் குறைவு என்று யாரையும் பொதுத்தேர்வுக்கு அனுப்பாமல் நிறுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. டிசம்பரில் அவரே அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நல்ல உத்தரவு," என்றார்.

இப்போது மேஜை டிராயரைத் திறந்து ஒரு புது ரிஜிஸ்டரை எடுத்தார்.

"ஜூன்லேருந்து நகல் எடுத்துடுங்க. நாமினல் ரோல் இருபத்தெட்டாம் தேதி போகணும்."

நாமினல் ரோல் என்பது பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல். அதில் பேர் இல்லாத பிள்ளைக்கு ஹால் டிக்கெட் வராது.

"எதப் பாத்து சார் நகல் எடுக்கறது? ஒண்ணுமே தெரியலையே."

"அதுக்குத்தான் இது." ஒரு துண்டுச்சீட்டை ரிஜிஸ்டர்மேல் வைத்தார். அதில் ஏழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண். "இவங்க வராத நாள் இவ்வளவு. மத்த புள்ளைங்களுக்கு உங்க ஞாபகத்துல இருக்கறபடி போட்டுக்கங்க."

நாலில் மூன்று பங்கு நாட்களாவது வந்திராத பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்ப வேண்டியதில்லை. சுற்றறிக்கை அந்த விதியைத் தொடவில்லை. சம்பூர்ணம் சீட்டைப் படித்தாள். மூன்றாவது பெயர் அம்சவள்ளி. எதிரே நாற்பத்தாறு.

"சார், அம்சவள்ளி ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல சார்."

"இங்கிலீஷ்ல பதினொண்ணு," என்றார் அவர். "உங்க கணக்குல பதினாலு. அந்தப் பொண்ணு மேல எனக்கு என்னம்மா விரோதம்? மார்ச்சுல எழுதி ஃபெயிலாகறதவிட, நல்லாப் படிச்சு அக்டோபர்ல தனியா எழுதட்டும். அவளுக்கும் நல்லது, பள்ளிக்கூடத்துக்கும் நல்லது." கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி ஒரு மடக்குக் குடித்தார். "உங்க அப்ரூவல் பத்தி நேத்து தாளாளர்ட்ட பேசினேன். இந்த மாசமே வந்துடும் போல."

அவள் புது ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எழுதி முடிச்சதும் அந்தச் சீட்ட எங்கிட்டயே குடுத்துடுங்க," என்றார் அவர்.

மூன்று நாள் எழுதினாள். சயன்ஸ் லேபில் ஒரு மேஜையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். அவள் வகுப்புகளை வேறொருவர் எடுத்தார். வந்ததற்கு நீலக் கோடு, வராததற்குச் சிவப்பு மையில் ‘ஏ’. சீட்டிலிருந்த பையன்களில் மதுரைவீரன் அறுவடைக்கு நிஜமாகவே நின்றவன். அவனுக்குச் சுலபமாக இருந்தது. அம்சவள்ளிக்கு நாற்பத்தாறு நாள் தேட வேண்டியிருந்தது.

அம்சவள்ளியின் அப்பா அங்கமுத்துவும் அம்மா காத்தாயியும் கொல்லைக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு வரை வந்தது அந்தப் பெண்தான் முதல். வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடந்து வருவாள். நவம்பரில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடிய அன்று பள்ளிக்கூடத்தில் இருபது முப்பது பிள்ளைகள்கூட இல்லை. அவள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்திருந்தாள். அன்றைக்கு ‘ஏ’ போட்டால் யாரும் நம்புவார்கள். சம்பூர்ணம் போட்டாள். டிசம்பரில் காத்தாயி விஷக் காய்ச்சல் கண்டு அரியலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். அந்தப் பதினோரு நாளும் அம்சவள்ளி பள்ளி விட்டதும் பஸ் ஏறிப் போய், அம்மா கட்டிலுக்குக் கீழே படுத்திருந்து, விடிந்ததும் அங்கிருந்தே நேராகப் பள்ளிக்கூடம் வந்தாள். அப்படி வந்து உட்கார்ந்து எழுதிய அரையாண்டில்தான் பதினொன்றும் பதினாலும். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மகள் வராமல் இருப்பது இயற்கைதானே. பரீட்சை நாட்களை விட்டுவிட்டு மற்றவற்றுக்கெல்லாம் ‘ஏ’ போட்டாள். எண்ணிப் பார்த்தாள். இன்னும் நாற்பது வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவோரம் நிழலாடியது. அம்சவள்ளி கையில் கணக்கு நோட்டோடு நின்றாள்.

"டீச்சர், இந்தக் காரணிப்படுத்தறது வர மாட்டேங்குது."

சம்பூர்ணம் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தை மூடினாள். "நாளைக்குச் சொல்றேன் போ."

"என்ன டீச்சர் எழுதறீங்க?"

"ரிஜிஸ்டர் நனைஞ்சுபோச்சு. திருப்பி எழுதறேன்."

"அத்தனையுமா?" அம்சவள்ளி அந்தத் தடிமனைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். "நான் எல்லா நாளும் வந்தேன் டீச்சர். எனக்கு ஒரே இழுப்பா கோடு போட்டுட்டுப் போயிடலாம். உங்களுக்குச் சுலபம்."

அவள் போன பிறகு, சிவப்பு மை உள்ளங்கையில் அப்பியிருந்ததைச் சம்பூர்ணம் முந்தானையில் துடைத்தாள். சாயங்காலம் முடித்து, சீட்டையும் திருப்பிக் கொடுத்தாள். இளையபெருமாள் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து, "கையெழுத்து முத்து மாதிரி இருக்கும்மா," என்றார்.

நாமினல் ரோல் ஏழு பெயர் குறைந்து போயிற்று. பிப்ரவரி முதல் வாரம் அவர் ஏழு பேரையும் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம், அட்டெண்டன்ஸ் போதவில்லை, அக்டோபரில் தனித்தேர்வாக எழுதலாம் என்றார். மறுநாள் காலை அங்கமுத்து மகளை அழைத்துக்கொண்டு வந்தார். வகுப்பாசிரியை என்பதால் சம்பூர்ணத்தையும் ஆபீசுக்கு வரச்சொன்னார்கள்.

அங்கமுத்து நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். இளையபெருமாள் எழுந்துவந்து அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். பிறகு ரிஜிஸ்டரை விரித்தார்.

"உங்க பொண்ணு பேரு இந்த வரிசை. செவப்பா இருக்கறதெல்லாம் வராத நாளு. நீங்களே எண்ணிக்கங்க."

அங்கமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு மாதமாக நகர்த்தி எண்ணினார். அவசரப்படவில்லை. நாற்பத்தாறு வந்ததும் விரலை எடுத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"தெனம் காலையில வூட்ட வுட்டுக் கெளம்புனியே," என்றார். "எங்க போன?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று சம்பூர்ணம் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஒரு தேர்வு தள்ளிப்போகும், ஆறு மாதம் கழித்து எழுதுவாள், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதுப் பெண் நாற்பத்தாறு நாள் வீட்டிலும் இல்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை என்று தன் எழுத்து சாட்சி சொல்லப்போவது அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

"இங்கதாம்ப்பா வந்தேன். டீச்சரக் கேளுப்பா. டீச்சர், சொல்லுங்க டீச்சர்."

அங்கமுத்து சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினார். இளையபெருமாளும் பார்த்தார், எப்போதும் போல இதமாக.

"ரிஜிஸ்டர்ல இருக்கறதுதான்," என்றாள் சம்பூர்ணம்.

அப்பாவும் மகளும் மைதானத்தைக் கடந்து போவதை ஜன்னலிலிருந்து பார்க்க முடிந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். அவள் பத்தடி பின்னால்.

நாலைந்து நாளில் பேச்சு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தப் பெண்ணைத் திருமானூர் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கொள்ளிடக் கரையில் யாரோடோ பார்த்ததாக இன்னொருவர் கேள்விப்பட்டிருந்தார். நாற்பத்தாறு நாட்கள் காலியாகக் கிடந்தன. ஊர் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தது. சம்பூர்ணம் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் தேதி எழுதக் கை வராமல் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் சத்துணவைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். பெரிய பிள்ளைகளுக்கும் மத்தியானச் சாப்பாடு கிடைக்கத் தொடங்கிச் சில காலம்தான் ஆகியிருந்தது. அதை நடத்தியது இருசம்மாள். கணவன் செத்த பிறகு கிடைத்த வேலை. சாப்பிட்ட பிள்ளைகளின் பெயரை அவள் தினமும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். கீழே தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார். அதிகாரி அந்த நோட்டையும் வகுப்பு ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வகுப்புக்கு வராத பிள்ளைகள் சாப்பாட்டு நோட்டில் சாப்பிட்டிருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வாரக் கணக்கில்.

"வராத புள்ளைக்கு எப்படிம்மா சோறு போட்டீங்க?" என்று கேட்டார். "அந்த அரிசி எங்க போச்சு?"

"வந்துச்சுங்க. வந்துதான் சாப்பிட்டுச்சுங்க. சார் தெனம் கையெழுத்துப் போட்டிருக்காரு பாருங்க."

"அது நம்பிக்கையில போடற கையெழுத்து," என்றார் இளையபெருமாள் வருத்தத்தோடு.

ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருசம்மாள் திருமானூருக்கு வந்து, சம்பூர்ணத்தின் பின்கட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய சார் கூப்ட்டு சொன்னாரு டீச்சர். தவறுதலா எழுதிட்டேன்னு எழுதிக் குடுத்துடு, எச்சரிக்கையோட வுட்டுடுவாங்கங்கறாரு. குடுக்கலன்னா திருட்டுக் கேஸுங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல." இருசம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். "வாய்க்கா ஒடைச்சுக்கிட்ட அன்னிக்கு அங்கமுத்து பொண்ணு ஈரப் பாவாடையோட என் அடுப்புக்கு முன்னால குந்திக் காஞ்சுக்கிட்டே சாப்பிட்டுச்சு. அத நான் எழுதி வச்சிருக்கேன். இப்ப ஊருல என்னென்னமோ பேசறாங்க. அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துலதான் இருந்துச்சுன்னு என் நோட்டுல மட்டுந்தான் இருக்கு டீச்சர். நான் அடிச்சுட்டேன்னா அப்பறம் அது எங்கயுமே இருக்காது."

அவள் குற்றம் சாட்டவில்லை. ரிஜிஸ்டரை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அதைக் கேட்காமலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அடிக்காதீங்க," என்றாள் சம்பூர்ணம் கடைசியில். "ஒண்ணும் எழுதிக் குடுக்காதீங்க. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க."

திங்கட்கிழமை இளையபெருமாள் அவளைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு பழுப்புக் கவர் இருந்தது.

"உங்க அப்ரூவல் வந்துடுச்சு. எனக்குத்தான் ரொம்ப சந்தோஷம்." கவரை அவள் பக்கம் நகர்த்தவில்லை. அதன்மேல் டைப் அடித்த ஒரு தாளை வைத்தார். ஏழு பேரும் வராத நாட்கள் தினமும் வகுப்பில் நேரில் பார்த்துப் பதிந்தவை என்று அதில் இருந்தது. "சத்துணவு விசாரணைக்கு ஒரு கையெழுத்து வேணும். எழுத்து உங்களோடதுதானே."

"நீங்க குடுத்த சீட்டப் பாத்துத்தான சார் எழுதினேன்."

"எந்தச் சீட்டு?" என்று கேட்டார்.

அவர் முகத்தில் நடிப்பின் சாயலே இல்லை. நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். தான் கையால் திருப்பிக் கொடுத்த அந்தத் துண்டுக் காகிதத்தைத் தானே கற்பனை செய்துகொண்டோமோ என்று சம்பூர்ணத்துக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது. பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக்குப் போடறேன் சார்," என்றாள்.

"தாராளமா. உங்க தம்பிக்கு இது கடைசி வருஷமா?"

"ஆமா சார்."

"நல்லாப் படிக்கட்டும்," என்றார் அவர்.

அவள் வகுப்புக்குப் போகவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து அரியலூர் பஸ்ஸில் ஏறினாள். பஸ் வழி முழுக்கக் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போயிற்று. கல்வி அலுவலகத்தின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினாள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த அறையில், எந்த மையில், எந்தெந்த நாளை எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று எல்லாவற்றையும் எழுதினாள். கல்வி அதிகாரி வயதானவர். இரண்டு தடவை படித்தார்.

"இதுல உங்களத் தவிர வேற யார் மேலயும் அத்தாட்சி இல்லையேம்மா."

"தெரியும் சார்."

"இத நான் வாங்கிக்கிட்டா உங்க வேல போயிடும்."

"அந்தச் சத்துணவு நோட்டு நெஜம்னு பதிவாகணும் சார். அந்தப் புள்ளைங்க வந்தாங்க." பிறகு கேட்டாள், "பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு சார். ஏழு பேருக்கும் ஏதாவது பண்ண முடியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பேரே போகாத புள்ளைக்கு ஹால் டிக்கெட் எங்கேருந்தும்மா வரும்? மேல எழுதறேன். எழுதத்தான் முடியும்."

மேலேயிருந்து பதில் மே மாதம் வந்தது. அதற்குள் பரீட்சை முடிந்திருந்தது.

அரியலூர் போய்வந்த மறுநாள் காலை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வாய்க்கால் கரையோடு நடந்து அங்கமுத்துவின் வீட்டுக்குப் போனாள். காத்தாயி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கொட்டிய முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. அங்கமுத்து உள்ளேயிருந்து வந்தார். சம்பூர்ணம் நின்றபடியே சொன்னாள். உங்கள் மகள் எல்லா நாளும் வந்தாள், நான்தான் பொய்யாக எழுதினேன் என்பதற்கு நாலு பக்கம் தேவைப்படவில்லை.

அங்கமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"நான் அடிச்சுட்டேன்," என்றார். "எங்க போன எங்க போனன்னு கேட்டுக் கேட்டு அடிச்சுட்டேன்."

காத்தாயி புளி தட்டுவதை நிறுத்தவில்லை. "எழுதறப்ப கை நடுங்கலையா?" என்று கேட்டாள்.

"நடுங்கலைங்க," என்றாள் சம்பூர்ணம்.

அம்சவள்ளி வீட்டில் இல்லை. காத்தாயியின் தங்கை செங்கமலம் எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு தங்கியிருந்தாள். பேச்சு கிளம்பியதும் பெண்ணை அங்கே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே பெண்டாட்டியை இழந்த ஒருவன், நாற்பது வயதுக்காரன், கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். சித்திரையில் முடித்துவிடலாம் என்று அங்கமுத்துவும் தலையாட்டியிருந்தார்.

அன்றே அங்கமுத்துவும் சம்பூர்ணமும் கிளம்பினார்கள். அரியலூர் போய்ப் பெரம்பலூர் பஸ் பிடித்து, அங்கே இன்னொன்று மாறினார்கள். வழி நெடுக அங்கமுத்து வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டும் தனித்தனியாகவே எடுத்தார்கள். எறையூரில் இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சர்க்கரை ஆலைப் புகையின் வாடை காற்றில் கனமாக நின்றது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மைல் தள்ளிக் கொல்லையில் வெட்டு நடந்துகொண்டிருந்தது.

அம்சவள்ளி பாவாடைக்குமேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுத் தலையில் துணி கட்டியிருந்தாள். வெட்டிப் போட்ட கரும்பில் சோகை இலையை உரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் நிமிர்ந்தாள். இடது கன்னத்தில் பழைய காயம் மஞ்சளித்துக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொல்ல வந்து முடியாமல், "வூட்டுக்குப் போலாம் வா," என்றார்.

அவள் அவரைத் தாண்டிச் சம்பூர்ணத்தைப் பார்த்தாள். சம்பூர்ணம் மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். அம்சவள்ளி குறுக்கிடாமல் கேட்டாள்.

"எந்தெந்த நாளுன்னு எப்படிப் பாத்துப் போட்டீங்க டீச்சர்?"

"நம்பும்படியா இருக்கற நாளாப் பாத்து."

"வாய்க்கா ஒடைஞ்ச அன்னிக்கு?"

"போட்டேன்."

"அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப?"

"அதுவும்."

அம்சவள்ளி கீழே குனிந்தாள். பாதி கட்டிய கட்டை முழுசாகக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இறுக்கினாள். எழுந்துபோய்த் தலைத்துணியை அவிழ்த்துச் சித்தியிடம் கொடுத்தாள். அப்பாவோடு நடந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அவர்கள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.

சம்பூர்ணத்தின் ஒப்புதல் ரத்தானது. ஏப்ரலில் வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. விசாரணையில் இளையபெருமாள், அனுபவமில்லாத பெண் இப்படிச் செய்துவிட்டாளே என்று உண்மையாகவே கண்கலங்கினார் என்று சொன்னார்கள். இருசம்மாள்மீது இருந்த குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. அவள் வேலையில் தொடர்ந்தாள். பள்ளிக்கூடம் மூன்றாவது வருஷமாக நூற்றுக்கு நூறு எடுத்தது. அடுத்த வருஷம் மேல்நிலைப்பள்ளியாகவும் ஆனது. திறப்புவிழாவில் இளையபெருமாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மீன்சுருட்டியில் அம்மா மூன்று மாதம் மகளோடு பேசவில்லை. சம்பூர்ணம் பின்கட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். ஏழு பேரில் இரண்டு பையன்கள் அவளிடம் வந்தார்கள். அம்சவள்ளியைத் தவிர மற்றவர்கள் படிப்பை விட்டுவிட்டார்கள்.

சித்திரைக் கல்யாணம் நின்றுபோனது. அம்சவள்ளி யாரிடமும் போகாமல் தானே படித்து அக்டோபரில் அரியலூரில் தனித்தேர்வு எழுதினாள். நாலு பாடம் தேறிவிட்டாள். கணக்கில் இருபத்தொன்பது. சம்பூர்ணம் இருசம்மாள் மூலம் சொல்லியனுப்பினாள், வந்தால் சொல்லித் தருகிறேன் என்று. பதில் வரவில்லை.

மார்கழி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கமுத்துவும் மகளும் வந்தார்கள். அம்சவள்ளி வாசற்படியோடு நின்றாள்.

"உள்ள வரல டீச்சர். இங்கயே சொல்லிக் குடுங்க."

சம்பூர்ணம் பாயை எடுத்துவந்து வாசலில் போட்டாள். அங்கமுத்து எதிரே வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார். பீடி பிடிக்கவில்லை, கண்ணை எடுக்கவில்லை. டீச்சர் நோட்டில் என்ன எழுதுகிறாள் என்று அங்கிருந்து தெரியாது. ஆனாலும் அவள் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அவர் கழுத்து நீண்டது. பன்னிரண்டு மணிக்கு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "போலாமா," என்றார் மகளிடம்.

மார்ச் வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. அம்சவள்ளி கணக்கைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. கணக்கில் ஐம்பத்து மூன்று வாங்கினாள். அதைச் சொல்ல அவள் வரவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு நாள் சந்தையில் இருசம்மாளைப் பார்த்தபோது சம்பூர்ணம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.